அடுத்த டிசம்பரிலும் சிவக்குமா பாயின்செட்டியா?

டிசம்பர் பிறந்ததும் நர்சரி வாசலில் வரிசையாக அடுக்கிவிடுவார்கள். பளபளக்கும் தாள் சுற்றிய சின்னத் தொட்டி, அதன் மேல் குடை விரித்ததுபோல் ரத்தச் சிவப்பில் இலைகள். பாயின்செட்டியா என்ற பெயர் வாயில் நுழையாதவர்கள் கிறிஸ்துமஸ் செடி என்று கேட்டு வாங்குவார்கள். பொங்கல் வரை கூடத்தில் அதற்கு ராஜ மரியாதை. மாசியில் சிவப்பு வெளுக்கும், இலைகள் ஒவ்வொன்றாக உதிரும், பங்குனியில் நான்கைந்து குச்சிகள்தான் மிஞ்சும். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தொட்டிக்கு அதன்பின் கறிவேப்பிலைக் கன்று வந்துவிடும்.

தூக்கிப்போட மனம் வராமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. செடியும் நன்றிக்கடனாகத் தளதளவென்று வளரும். ஆனால் அடுத்த டிசம்பர் வரும்போது அது முழுப் பச்சையாக நிற்கும், ஒரு சிவப்பு இலைகூட இருக்காது. என்ன உரம் போட வேண்டும் என்று நர்சரிக்காரரிடம் போய்க் கேட்போம், அவரும் ஏதாவது ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்புவார். நானும் அப்படி ஒரு பொட்டலம் வாங்கியவன்தான். செடி இன்னும் கொஞ்சம் பச்சையானது, அவ்வளவுதான். அந்தச் செடிக்கு அப்போது குறைந்திருந்தது உரமல்ல, இருட்டு.

அதற்குள் போகும் முன் ஒரு சின்னத் திருத்தம். பாயின்செட்டியாவில் நாம் பூ என்று பார்ப்பது பூவே அல்ல. சிவந்திருப்பவை இலைகள்தாம், தாவரவியல் பாடத்தில் பூவடிச் செதில் என்பார்கள். காகிதப்பூவிலும் இதே ஏமாற்றுதான்: நிறமாகத் தெரியும் காகிதம் இலையினம், உள்ளே வெள்ளையாக எட்டிப்பார்ப்பதுதான் பூ. பாயின்செட்டியாவின் சிவப்புக் குடைக்கு நட்ட நடுவில், பச்சைக் குமிழ்களாகச் சிறு கிண்ணங்கள் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு கிண்ணத்தின் பக்கத்திலும் மஞ்சளாக ஒரு குட்டி வாய், அதில் ஒரு துளி தேன். அந்தக் கிண்ணத்துக்குள்தான் உண்மையான பூக்கள், இதழ்கூட இல்லாமல் இருக்கின்றன. இதே அமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டு வாசலில் தரையோடு முளைத்திருக்கும் அம்மான் பச்சரிசியைக் கிள்ளிப் பாருங்கள். அதுவும், வேலியோரத் திருகுகள்ளியும், பாயின்செட்டியாவும் யூஃபோர்பியா என்ற ஒரே பேரினம். எதைக் கிள்ளினாலும் பால் வடியும்.

பூக்கும் முடிவைச் செடி எடுத்தால்தான் மேலிலைகள் சிவக்கும். ஆகவே சிவப்பு வேண்டுமென்றால் பூக்க வைக்க வேண்டும். அந்த முடிவை அது எதை வைத்து எடுக்கிறது?

இதற்கான விடை முதலில் கிடைத்தது புகையிலையில். அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்ட் என்ற இருவருக்கு ஒரு புகையிலை ரகம் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தது. மேரிலாண்ட் மாமத் என்று பெயர். கோடைக்காலம் முழுக்க ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பூக்க மட்டும் பூக்காது. அதே செடியைக் குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் வைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பமா, ஈரமா, சத்தா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் கோடையிலேயே செடிகளை மாலை வெயில் இருக்கும்போதே இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, மறுநாள் காலை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். பூத்தது. 1920இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். செடிகள் நாளின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பது அன்றுதான் உறுதியானது. ஒளிக்காலத்துவம் என்று பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த சொல்லுக்குப் பின்னால் இருப்பது அந்தக் கொட்டகைதான்.

பகல் குறுகும்போது பூப்பவற்றைக் குறும்பகல் தாவரங்கள் என்றார்கள். சாமந்தி அந்தக் கூட்டம், பாயின்செட்டியாவும் அதே கூட்டம். ஆனால் இந்தப் பெயரில் ஒரு கோளாறு இருப்பது 1938இல் தெரியவந்தது. ஹாம்னர், பான்னர் என்ற இரு ஆய்வாளர்கள் மருளூமத்தையை எடுத்துக்கொண்டார்கள், நம் ஊர்ப் புறம்போக்கில் துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்ச் செடி. பகலின் நடுவே கொஞ்சநேரம் இருட்டாக்கிப் பார்த்தார்கள், செடி அதைச் சட்டை செய்யவில்லை. இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைப் போட்டார்கள், பூப்பது நின்றுபோனது. அதாவது, செடி அளந்துகொண்டிருந்தது பகலை அல்ல. இரவைத்தான், அதுவும் இடையில் அறுபடாத இரவை. நீளிரவுத் தாவரம் என்பதுதான் பொருத்தமான பெயர். ஆனால் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இதை எனக்கு நானே விளக்கிக்கொள்ள நாழிகை வட்டிலை நினைத்துக்கொள்வேன். அடியில் ஊசித்துளை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெதுவாக நீர் ஏறி, ஒரு நாழிகையில் மூழ்கும். பொழுது சாய்ந்ததும் பாயின்செட்டியாவின் இலைக்குள் அப்படி ஒரு வட்டில் நிரம்பத் தொடங்குகிறது. மூழ்கும்வரை யாரும் தொடாமல் இருந்தால் இரவு நீண்டுவிட்டது என்று செடி குறித்துக்கொள்ளும். நள்ளிரவில் ஒருவர் விளக்கைப் போட்டால் வட்டிலைக் கவிழ்த்துவிட்டதாக அர்த்தம். விளக்கை அணைத்ததும் மறுபடி முதலிலிருந்து நிரம்ப வேண்டும், அதற்குள் விடிந்துவிடும். கவிழ்க்கும் கையின் பெயர் ஃபைட்டோகுரோம், இலையில் இருக்கும் ஒரு நிறமி. சிவப்பு ஒளி பட்டதும் அது ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நம் வீட்டு விளக்குகள் எல்லாவற்றிலும் அந்தச் சிவப்புக்குப் பஞ்சமில்லை. (செடிக்குள் இருபத்துநான்கு மணிநேரக் கடிகாரம் ஒன்றும் ஓடுகிறது, இரண்டும் சேர்ந்துதான் கணக்கு. தொட்டி வளர்ப்பவருக்கு வட்டில் போதும்.)

சாமந்தி சாகுபடி செய்பவர்களுக்கு இது அன்றாடத் தொழில். பசுமைக்குடிலில் இரவு நேரத்தில் வரிசையாகப் பல்புகள் எரிவதைப் பார்த்தால் செடிக்கு வெளிச்சம் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அவர்கள் செடியைப் பூக்கவிடாமல் தடுத்துவைத்திருக்கிறார்கள். காம்பு வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைப்பார்கள், அன்றிலிருந்து வாரங்களை எண்ணினால் சந்தைக்குப் பூ தயார். நம் வீட்டு பால்கனியிலும் இதே வேலையை நாம் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

இருட்டு எவ்வளவு வேண்டும்? பாயின்செட்டியாவுக்கு இரவு ஏறத்தாழ 11 மணி 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டும். சென்னையில் அக்டோபர் தொடக்கத்திலேயே இரவு 12 மணிநேரத்தை எட்டிவிடும், டிசம்பரில் பன்னிரண்டரையையும் தாண்டும். கணக்குப்படி நாம் எதுவும் செய்யாமலே செடி சிவக்க வேண்டும். மலையில் சிவக்கவும் செய்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீட்டு வேலியோரத்தில் கூரை உயரத்துக்கு இந்தச் செடி வளர்ந்து, யாரும் ஏனென்று கேட்காமலே டிசம்பரில் சிவந்து நிற்கும். அதன் சொந்த ஊரான மெக்சிகோவில் இது புதர்தான், தொட்டிச் செடி அல்ல. அங்கே இதற்கு ஸ்பானிய மொழியில் நோச்சே புவேனா என்று பெயர், நல்லிரவு என்று பொருள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவைக் குறிக்கும் பெயர் என்றாலும், இரவை நம்பி வாழும் செடிக்கு இதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது. பாயின்செட்டியா என்பது மெக்சிகோவுக்கு அமெரிக்கத் தூதராகப் போய், அங்கிருந்து 1828 வாக்கில் செடியைத் தன் நாட்டுக்கு அனுப்பிய ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட்டின் பெயர். இப்போது மெக்சிகோவுக்கு வெளியே பாதி உலகம் அந்தப் பெயரைச் சொல்கிறது.

ஊர்ப்புறத்து வேலியில் கிடைக்கும் இரவு நகரத்து அடுக்ககத்தில் கிடைப்பதில்லை என்பதுதான் நம் சிக்கல். என் பால்கனிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. பின்னால் கூடத்து டியூப்லைட், பத்தரை மணிவரை எரியும். அதற்கு மேல் தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறவர்கள். போதாக்குறைக்கு, செடி பூவைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் அதே ஐப்பசியில் தீபாவளி வந்து மாடி முழுக்கச் சரவிளக்கு தொங்கும், அடுத்துக் கார்த்திகை தீபம். பல மணிநேர மின்வெட்டு இருந்த காலத்தில் இந்தச் செடி வாங்கியிருந்தால் நன்றாகப் பூத்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, வருடம் முழுக்க என்ன செய்வது?

வாங்கி வந்த அன்றே அந்தப் பளபளப்புத் தாளைக் கழற்றுங்கள், அல்லது அடியில் கிழித்துவிடுங்கள். ஊற்றிய தண்ணீர் அதற்குள் தேங்கி வேர் அழுகுவதுதான் பாதிச் செடிகள் பொங்கலுக்கு முன்பே போய்ச்சேரக் காரணம். மேல்மண் விரலுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தபின் தண்ணீர். இலைகள் கொட்டத் தொடங்கும்போது பதறிப்போய் அதிகமாக ஊற்றாமல், குறைக்க வேண்டும்.

மார்ச் கடைசியில் கத்தரிக்கோலை எடுங்கள். ஒவ்வொரு கிளையிலும் மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி, அரைச் சாண் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். கை நடுங்கும், நடுங்கட்டும், வெட்டுங்கள். வடியும் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. தொட்டாலே ஆளைக் கொல்லும் விஷம் என்று பேசிக்கொள்வதெல்லாம் மிகை. அதற்காகக் குழந்தையோ பூனையோ கடிக்கும் இடத்தில் வைக்கவும் வேண்டாம். வாய் எரிச்சலும் வாந்தியும் வரக்கூடும்.

சமவெளியில் அக்னி நட்சத்திரம் முடியும்வரை வடிகட்டிய வெயில் போதும். மாமர நிழல் மாதிரி, அல்லது பச்சை வலைக்கு அடியில். ஜூனில் ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சேர்ந்த, நீர் தேங்காத கலவை. அதன்பின் நல்ல வெளிச்சமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் உரமும். நான் வாங்கிய பொட்டலத்துக்கு இந்த மாதங்களில்தான் வேலை. இருட்டை உணர்வது இலை, சேதியை வாங்கிக்கொண்டு பூவாக மாறுவது நுனி. அக்டோபருக்குள் இலைப் பட்டாளம் தயாராக இல்லையென்றால் எத்தனை இருட்டு கொடுத்தும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

வளரும் கிளைகளின் நுனியை ஜூலையில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இடத்தில் இரண்டு மூன்று கிளை பிரியும், ஒவ்வொரு நுனியிலும் ஒரு சிவப்புக் குடை. செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு நுனியைத் தொடவே கூடாது. பூக்கப்போவது அந்த நுனிதான். இலையடியில் பஞ்சுபோல மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம்.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து இருட்டு. மாலை 5 மணியிலிருந்து காலை 7 மணிவரை, 14 மணிநேரம். நம் பழைய கணக்கில் 35 நாழிகை. பதினோரு மணி நாற்பது நிமிடம் போதும் என்றால் ஏன் பதினான்கு என்று கேட்கலாம். ஒருநாள் ஆறு மணிக்கு மூடுவோம், ஒருநாள் ஆறரைக்குத் திறப்போம், எங்காவது இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். அந்தத் தவறுகளுக்கெல்லாம் சேர்த்துத்தான் கூடுதல். மீதிப் பத்து மணிநேரம் செடி நல்ல வெளிச்சத்தில் இருந்தாக வேண்டும், பகலிலும் அறைக்குள் மங்கலாக வைத்தால் பலனில்லை. இப்படி எட்டிலிருந்து பத்து வாரம். நவம்பர் கடைசியில் மேலிலைகள் தெளிவாகச் சிவந்தபின் மூடுவதை நிறுத்திவிடலாம்.

மூடுவதற்கு நான் பயன்படுத்துவது மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. முதல் முயற்சியில் செடியை பால்கனியிலேயே வைத்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டேன், ஒன்பதரைக்குப் போய்த் திறந்தால் உள்ளே இட்லிப் பானை. கிழக்கு வெயில் நேராக அட்டையில் அடித்திருந்தது. மூன்று நாளில் பாதி இலை கொட்டிவிட்டது. அதிலிருந்து, மாலையில் தொட்டியை உள்ளே தூக்கிவந்து தரையில் வைத்துத்தான் மூடுகிறேன். வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நாள் முழுக்க ஊறாமல் இருக்கவும் இது நல்லது.

குளிர்ச்சிக்கும் இதில் பங்கு உண்டு. இரவு வெப்பம் 16லிருந்து 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் செடி சுறுசுறுப்பாகப் பூவைக் கட்டும், 24ஐத் தாண்டினால் தயங்கும். கடலோரத்தில் அக்டோபர் இரவு 24க்குக் கீழே இறங்கினாலே பெரிய விஷயம் என்பதால், சென்னைக்காரர்களின் செடி கிறிஸ்துமஸைத் தவறவிட்டுப் புத்தாண்டுக்கோ பொங்கலுக்கோ சிவக்கலாம். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெங்களூரிலோ நீலகிரியிலோ இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்காகக் குளிர்பதன அறையில் வைத்து, இரவு டிவி ஓட, நீலமும் சிவப்புமாக வெளிச்சம் சிதறினால் வட்டில் கவிழ்ந்துகொண்டே இருக்கும். ஓரிரு நாள் மூட மறந்தால் குடி முழுகிவிடாது, சில நாள் பின்தள்ளும். வாரத்தில் பாதி நாள் மறப்பவர்கள் பேசாமல் புதுச்செடி வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். இரண்டாம் வருடச் செடி, கடையில் பார்த்த அந்தக் கச்சிதமான உருண்டையாக வராது. நர்சரியில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளித்துக் குட்டையாக வைத்திருப்பார்கள். நம் கையில் அது கொஞ்சம் நெடுநெடுவென்றுதான் இருக்கும். குடையும் சிறிதாக இருக்கலாம். எனக்கு அந்த ஒழுங்கற்ற தோற்றம்தான் பிடித்திருக்கிறது, அதில் புதரின் சாயல் தெரிகிறது.

இதே வித்தையை எல்லாப் பண்டிகைச் செடிகளிடமும் காட்ட வேண்டாம். பிரேசிலிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கள்ளி நீளிரவைக் கேட்கும், ஆனால் இரவு நல்ல குளிராக இருந்தால் இருட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கும். கிழங்கிலிருந்து வரும் அமரில்லிஸுக்கு வேண்டியது வேறு: இலை நன்றாக வளர்ந்து கிழங்கு பருத்தபின், எட்டுப் பத்து வாரம் தண்ணீர் இல்லாமல் குளிர்ந்த இடத்தில் ஓய்வு. அதை அட்டைப்பெட்டியால் தினமும் மூடித் திறப்பது வீண் வேலை.

போன அக்டோபரில் ஒரு நாளும் தவறாமல் மூடினேன். நவம்பர் மூன்றாம் வாரம், நுனியில் புதிதாக வந்த இலைகளின் நரம்புகள் மட்டும் செம்பு நிறத்துக்கு மாறின, பிறகு நரம்பிலிருந்து சிவப்பு வெளியே பரவியது. டிசம்பர் இருபதில் ஆறு கிளையில் ஐந்து சிவந்துவிட்டன. ஆறாவது கிளை மட்டும் அசையாமல் பச்சையாகவே நின்றது. காரணம் புரியாமல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தூக்குவதற்கு வசதியாகப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி ஓட்டை வைத்திருந்தார்கள். கூடத்து டியூப்லைட் இருக்கும் பக்கம் அது. தொட்டியைத் தினமும் ஒரே மாதிரி வைத்ததில், அந்தக் கிளை சரியாக அந்த ஓட்டைக்கு நேராக இருந்திருக்கிறது. இந்த வருடம் அதன் மேல் பழுப்பு நாடாவை இரண்டு சுற்று ஒட்டியிருக்கிறேன்.